எருது ஆண்டில் பிறந்தவள்

சம்பந்தியம்மா என்னைப் பார்த்த முதல் நாளில் கேட்ட முதல் கேள்வி, நான் எந்த வருஷம் பிறந்தேன் என்பதுதான். நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், ஈஸ்ட்வுட் பகுதியிலிருந்த ஒரு சீன உணவகத்தில் இரண்டு குடும்பமும் அன்றுதான் முதன்முதலாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். என் மகன் கட்டிக்கொள்ளப் போகும் பெண் அவருடைய ஒரே மகள். அவருடைய கணவர் இறந்து வெகு காலமாகிவிட்டது. தையல் கடை வைத்துத் தனியாக வளர்த்த பெண் என்று மகன் முன்பே சொல்லியிருந்தான். அதனால் வாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் ஒரு பெண்ணிடம் எடுத்த எடுப்பில் வயதைக் கேட்கிறாரே என்று எரிச்சல் வந்தது. நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் முந்திக்கொண்டு வருஷத்தைச் சொல்லிவிட்டார்.

நம் ஊரில் திதி எண்ணுவது போலவே, விரல் கணுக்களின் மேல் கட்டைவிரலை ஓடவிட்டு எண்ணினார் அந்த அம்மா. பிறகு நிமிர்ந்து, சீனக் கணக்கில் வருஷத்துக்கு ஒரு விலங்கு, நான் ஆடு என்றார். ஆட்டு வருஷத்தில் பிறந்தவர்கள் சாதுவாம். மெல்லிய மனசாம். சண்டை சச்சரவுக்குப் போகமாட்டார்களாம். என் கணவர் தேநீர்க் கோப்பையை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டார். மகன் சுவரிலிருந்த மீன்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மக நட்சத்திரம், சிம்ம ராசி. மகம் ஜெகத்தை ஆளும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். சின்ன வயதில் நான் தட்டை விசிறி எறிந்தால், "சிம்ம ராசி, அப்படித்தான் இருப்பா" என்று வீட்டில் சிரிப்பார்கள். அதே தட்டை என் தங்கை எறிந்தால் அவள் தலையில் குட்டு விழும். அவள் கடகம், கோபப்பட அவளுக்கு அனுமதி இல்லை. கோபம் என்பது எனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம். அதில் நான் ஐம்பது வருஷத்துக்கும் மேலாகப் பயிர் செய்துவந்திருக்கிறேன்.

சம்பந்தியம்மா மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். என் கணவர் டிராகன், போகிற இடமெல்லாம் மரியாதை. அன்றிலிருந்து அவர் சீன ஜோசியத்தைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. மகன் எலி, சாமர்த்தியசாலி. கடைசியாகத் தன் மகளிடம் வந்து, அவள் எருது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை விளக்க ஒரு கதையும் சொன்னார்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளியில் கம்பியில் தொங்கி விளையாடும்போது கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, கடையில் அம்மாவுக்கு வேலை அதிகம் என்று தானே சாதம் போட்டுச் சாப்பிட்டு, வீட்டுப்பாடத்தை இடது கையால் எழுதிவிட்டுப் படுத்திருக்கிறாள். மறுநாள் காலையில் கை வீங்கிக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கதையை முடித்து, "ஆக்ஸ்" என்று சொல்லி மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்தப் பெண் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. மருமகளாக வரப்போகிறவளைப் பற்றி எந்த மாமியாருக்குத்தான் அப்படிக் கேட்கப் பிடிக்காது?

எனக்கு வெஸ்ட்மீட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய் குழாயாக ரத்தம் வரும். ஒவ்வொன்றின் மேலும் பெயரும் பிறந்த தேதியும் ஒட்டியிருக்கும். சர்க்கரை எவ்வளவு, இரும்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று இயந்திரம் சொல்லும். இத்தனை வருஷத்தில் எந்தக் குழாயிலும் புலி வந்ததில்லை, சிம்மமும் வந்ததில்லை. ஒரே வருஷத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் ஒரே குணம் என்றால், பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுக்க ஒரே அச்சாக இருக்க வேண்டுமே என்று வீட்டில் வாதாடினேன். அப்படிப் பார்த்தால் உலகத்தையே இருபத்தேழு நட்சத்திரத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறோமே, அது மட்டும் என்ன என்றும் கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார் என் கணவர். அவரவர் வீட்டு ஜோசியம் அவரவருக்குச் சாஸ்திரம். அடுத்த வீட்டுடையது மூடநம்பிக்கை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தியம்மாவின் எதிரில் என் குரல் தானாகவே இறங்கியது. என்னை ஆடு என்று அவர் முழுமனதாக நம்பினார். சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். காரமில்லாத பண்டமாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். யாராவது உரக்கப் பேசினால், நான் பயந்துவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்க்கிறவரிடம் எப்படிக் கத்துவது? திருமணப் பேச்சில் ஒன்றிரண்டு இடங்களில் எனக்குக் கோபம் வந்தபோதுகூட விழுங்கிக்கொண்டேன். ஆடாக இருப்பதும் ஒரு சுகமாகத்தான் இருந்தது. அதை அப்போது வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து மகனோடு பாராமட்டாவில் குடியேறிய மருமகள், எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய நாட்களில் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் "அத்தை". இரண்டாவது "பரவாயில்லை". முதல் சொல்லை நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவதை அவளே பொறுக்கிக்கொண்டாள். சாம்பாரில் காரம் தூக்கலாக இருந்து கண்ணில் நீர் வந்தாலும் பரவாயில்லை. விருந்தாளிகள் வந்து அவளுக்குக் கட்டில் இல்லாமல் போனாலும் பரவாயில்லை. என் கணவர் அவளைப் பொறுமையில் பூமாதேவி என்பார். நான் தோழிகளிடம், "எங்க மருமக எருது வருஷம், வாயே திறக்கமாட்டா" என்று சொல்லிக்கொள்வேன். நம்பாத ஜோசியத்திலிருந்து எனக்கு வசதியான ஒரு வரியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவள் உண்டானாள். பெண் குழந்தை என்று ஸ்கேனில் தெரிந்தது. பிப்ரவரிக் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். மாதம் நெருங்கியபோது குழந்தை எடை கொஞ்சம் குறைவாக இருக்கிறது, கடைசிவரை காத்திருக்க வேண்டாம், அதற்கு முந்தைய வாரத்தில் மருந்து கொடுத்துப் பிரசவ வலி வரவைத்துவிடலாம் என்றார் டாக்டர். அந்த வாரத்தில் எந்த நாள் என்பதை நீங்களே சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எங்களைப் பற்றி அவருக்குத் தெரியாது.

அந்த வாரத்தின் நடுவில் சீனப் புத்தாண்டு வந்தது. சம்பந்தியம்மா என்னைப் பார்க்க வெஸ்ட்மீட்டில் எங்கள் வீட்டுக்கே ரயிலேறி வந்துவிட்டார். புத்தாண்டுக்கு முன்னால் பிறந்தால் குழந்தை பாம்பு. எருதுக்கும் பாம்புக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஒருநாள் தள்ளிப் பிறந்தாலும் குதிரை. குதிரையும் எலியும் நேருக்கு நேர் பகை. அதிலும் இது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை, பெண் பிறந்தால் யாருக்கும் அடங்காது. தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, குழந்தை தகப்பனுக்கு ஆகாது என்றார். இந்த வார்த்தையைத் தமிழில் எத்தனை வாய்களில் கேட்டிருக்கிறேன்! மூலத்தில் பிறந்த பெண்ணையும் ஆயில்யத்தில் பிறந்த பெண்ணையும் பற்றி எத்தனை கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன்! அது கடல் தாண்டி வேறொரு மொழியில் என் வீட்டுச் சோபாவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் கணவர் செல்பேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்தார். புத்தாண்டு தினம் அமாவாசை. அது தற்செயல் இல்லை, சீனர்களின் வருஷமே அமாவாசையில்தான் பிறக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர்களும் நாமும் இத்தனை காலமாக ஒரே நிலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். போதாதற்கு அன்று சூரிய கிரகணம் வேறு. அமாவாசையும் வேண்டாம், அதற்கு முந்தின நாளும் வேண்டாம், இரண்டு நாள் தள்ளிப்போட்டால் நல்லது என்றார் அவர். மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்குப் போய்க் குருக்களிடமும் கேட்டுவிட்டு வந்தார். கிரகணம் இங்கே தெரியாது, தோஷமில்லை, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று குருக்கள் சொன்னது பிறகுதான் எனக்குத் தெரியும். என் கணவர் கேட்டதில் பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

ஆக, ஒரு வீட்டுக்கு அமாவாசைக்கு முன்னால் வேண்டும், இன்னொரு வீட்டுக்குப் பின்னால் வேண்டும். சம்பந்தியம்மா மகளுக்குப் போன் செய்து சொன்னார், அவள் சரி என்றாள். என் கணவர் மருமகளுக்குப் போன் செய்து சொன்னார், அவள் அதற்கும் சரி என்றாள். என் மகன், எலி வருஷத்தின் சாமர்த்தியத்தோடு, அலுவலகத்தில் வேலை அதிகம் என்று ஒதுங்கிக்கொண்டான். நான் கணவரோடு சண்டை போட்டேன். நிறையவே போட்டேன். பிள்ளை பெறப்போகிறவளிடம் உட்கார்ந்து, உனக்கு எப்படியிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் மருத்துவமனையில் இடம் இருந்தது அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்துத்தான். சம்பந்தியம்மா தலையாட்டினார். குழந்தை தானாகவே முன்னால் வந்துவிடும் என்று அவர் உள்ளூர நம்பியிருக்க வேண்டும்.

புத்தாண்டுக்கு முந்தைய நாள் குடும்பம் முழுக்கச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஈஸ்ட்வுட்டில் அவர் வீட்டுக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டோம். வாசலில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. தலையும் வாலுமாக முழு மீன் ஒன்று மேசை நடுவில் இருந்தது. மீன் சாப்பிடாத எனக்காகத் தனியாக டோஃபு, அதாவது சோயாப் பால்கட்டி, செய்து வைத்திருந்தார். மருமகள் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். இடையிடையே குளிர்பதனப் பெட்டியைத் திறந்து சில்லென்ற பழச்சாறு எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டு, வயிற்றின் ஒரு பக்கத்தை இரண்டு விரலால் தட்டினாள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கதவைத் தட்டுவது போல இருந்தது. சற்று நின்றாள். மறுபடியும் தட்டினாள்.

நான் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். அடுக்களைக்குள் அவள் பின்னாலேயே போய், குழந்தை அசைகிறதா என்று கேட்டேன். இன்றைக்குக் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது என்றாள் ஆங்கிலத்தில். எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவள் தோளைப் பிடித்துத் திருப்பி மறுபடியும் கேட்டேன். நேற்று மத்தியானத்திலிருந்து என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். மெதுவாக, நியாயமாக, கணக்குப் பார்த்துச் சொன்னாள். நேற்றே மருத்துவமனைக்குப் போயிருந்தால் குழந்தையை உடனே எடுத்துவிடுவார்கள். அம்மா பேச்சைக் கேட்டு நான் வேண்டுமென்றே முன்னால் பெற்றுக்கொண்டேன் என்று மாமா நினைப்பார். நாளைக்குப் போனால் அம்மாவும் வருத்தப்படுவார், மாமாவும் வருத்தப்படுவார். இன்னும் மூன்று நாள்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசியாக அந்தத் தமிழ்ச் சொல்லையும் சேர்த்தாள். "பரவாயில்லை, அத்தை."

அன்று அந்த வீட்டில் நான் போட்ட சத்தத்தில், அத்தனை நாள் வளர்த்த ஆடு செத்துப்போனது. காரை எடு என்று மகனிடம் கத்தினேன். என்ன ஏது என்று எழுந்த கணவரைப் பார்த்து, பஞ்சாங்கத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்று கத்தினேன். சம்பந்தியம்மா கையில் கரண்டியோடு என்னையே பார்த்தபடி நின்றார். மகள் அவர்கள் மொழியில் இரண்டே வார்த்தை சொன்னதும் கரண்டி கீழே விழுந்தது. மீனை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மருத்துவமனையில் அவள் வயிற்றில் பட்டையைக் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார்கள். துடிப்பு இருந்தது. ஆனால் இருக்க வேண்டிய மாதிரி இல்லை என்றார்கள். விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளுக்கும் நேரத்தில் துடிப்பு இறங்க ஆரம்பித்ததும் அவளை அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளிக்கொண்டு போகும்போதும் அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என் மகன் கூடவே போனான். நாங்கள் மூன்று பேரும் வெளியே உட்கார்ந்தோம்.

என் கணவர் வாய்க்குள் கந்த சஷ்டி சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். மகளுக்கு ஏழு வயது, பள்ளியில் கம்பியிலிருந்து விழுந்துவிட்டாள் என்று ஆரம்பித்தார். நான் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தாள், சாதம் போட்டுச் சாப்பிட்டாள், இடது கையால் எழுதினாள் என்று அதே வரிசையில் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாவுக்கே தெரியவில்லை என்ற இடத்துக்கு வந்ததும் அவரால் மேலே போக முடியவில்லை. "ஒரு ராத்திரி முழுக்க" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். அந்தக் கதையின் முடிவில் வரும் விலங்கின் பெயரை அவர் சொல்லவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லித் தேற்றுவது? எருது என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள்தானே நானும்.

குழந்தை பிழைத்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சில நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இரண்டு வீட்டாரும் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு நாளில், அமாவாசையில், கிரகணத்தன்று, நெருப்புக் குதிரையின் முதல் காலையில் அவள் பிறந்திருந்தாள். என் கணவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நட்சத்திரம் அவிட்டம். தவிட்டுப் பானையெல்லாம் தனம்" என்றார். எப்போதும் சீறுகிற நான் அன்று சீறவில்லை. அழுகிற மனிதருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்தானே.

வார்டில் நர்ஸ் வந்து, வலி பத்துக்கு எவ்வளவு என்று மருமகளைக் கேட்டார். இரண்டு என்றாள். போர்வைக்கு மேல் அவள் விரல்கள் துணியைக் கசக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன், நர்ஸும் பார்த்தார். நர்ஸ் போன பிறகு அவள் அருகில் உட்கார்ந்தேன். பரவாயில்லை என்ற சொல் உனக்குப் போதும், இனிமேல் வேறொன்று கற்றுக்கொள் என்று அந்தச் சொல்லையும் சொல்லிக்கொடுத்தேன். வலிக்குது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சம்பந்தியம்மாவும் நானும் மகனுடைய பாராமட்டா பிளாட்டில் முறை வைத்துக்கொண்டு தங்கினோம். முறை வைத்தோமே தவிர, பெரும்பாலும் இருவரும் ஒன்றாகவே இருந்தோம். அவர் ஒரு அடுப்பில் இஞ்சியைக் கறுப்பு வினிகரில் கொதிக்க வைப்பார், நான் இன்னொரு அடுப்பில் பூண்டுப் பால் காய்ச்சுவேன். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்பதில் இரண்டு ஊருக்கும் ஒரே கட்சி. ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் என்ன ராசி என்று கேட்டார்கள். அவர் பக்கத்து உறவினர்கள் குதிரையா என்று கேட்டிருக்க வேண்டும், அவர் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றுவது புரிந்தது. எங்களுக்குள் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பேத்தி வீறிட்டு அழும்போது மட்டும், இவள் பிறப்பே அப்படி என்று சொல்ல இருவர் வாயிலும் ஒரு சொல் வந்து நிற்கும். என்னுடையது எதுவென்று எனக்குத் தெரியும். விழுங்கிக்கொள்வேன்.

தையல் ஆறியதும் வயிற்றில் துணி கட்ட வேண்டும் என்பதிலும் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். டாக்டர் கட்டலாம் என்றதும் நான் பழைய வேட்டியைக் கிழித்துக் கொண்டுபோனேன். அவர் தன் கையாலேயே தைத்த நீளமான பருத்திப் பட்டையை எடுத்து வந்தார். அவருடையது நன்றாக இருந்ததால் அதையே கட்டினோம். மருமகள் நடுவில் நிற்க, அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சுற்றி, இழுத்து, மறுபடி சுற்றினோம். இறுக்கமாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். மருமகள் இல்லை என்று தலையை அசைத்தாள். நாங்கள் இழுத்தோம்.

தொட்டிலில் குழந்தை முனகியது. மருமகள் அதன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அம்மாவிடம் அவர்கள் மொழியில் எதையோ சொன்னாள். சம்பந்தியம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வலிக்குது, அத்தை."

நாங்கள் இருவரும் அவசர அவசரமாகச் சுற்றை அவிழ்த்தோம். யாருடைய கை யாருடைய கையில் இடிக்கிறது என்று தெரியவில்லை. பட்டை தரையில் விழுந்ததும், இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன். அவள் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இல்லை," என்றாள். "இன்னும் வலிக்குது."

சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மகளைக் கட்டிலில் உட்காரவைத்து, எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டுக் கேட்க ஆரம்பித்தார்.